வால்யூம் 60 என்றால் எதில் 60?

“ஹெட்போனில் 60 சதவீதத்துக்கு மேல் வைக்காதே, 60 நிமிடத்துக்கு மேல் கேட்காதே” என்றொரு அறிவுரை பல வருடமாகச் சுற்றி வருகிறது. மனதில் நிற்கிறது, பிள்ளைகளிடம் சொல்லவும் வசதி. கெட்ட அறிவுரை என்று சொல்லமாட்டேன். ஆனால் சொல்பவரிடம் “எதில் 60?” என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். என் போனில் இருக்கும் 60-ம் உங்கள் போனில் இருக்கும் 60-ம் ஒரே சத்தமா? அதே போனில் ஹெட்போனை மட்டும் மாற்றினால்? பதில் வராது. அந்த 60 எதையும் அளக்கவில்லை.

காதுப் பாதுகாப்பு பற்றிய பேச்சில் பாதி இப்படித்தான். “ஹெட்போன் போட்டாலே காது போய்விடும்” என்பார் ஒருவர். “பத்து வருடமாகக் கேட்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே” என்பார் இன்னொருவர். “நல்ல விலைக்கு வாங்கினால் காதுக்கு ஒன்றும் செய்யாது” என்று நடுவில் ஒரு கட்சி. மூன்று பேச்சிலும் துளித்துளி உண்மை ஒட்டிக்கொண்டிருப்பதுதான் சிக்கல். அதைப் பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை. தலையில் மாட்டுவது, காதுக்குள் செருகுவது, ஒயர் உள்ளது, இல்லாதது என எல்லாவற்றையும் இங்கே ஹெட்போன் என்றே சொல்கிறேன்.

திருகைப் பார்த்துத் தண்ணீரை அளக்கலாமா?

குழாயின் திருகைப் பாதி திறந்தால் எவ்வளவு தண்ணீர் வரும்? மேலே தொட்டி நிரம்பியிருக்கிறதா, குழாய் எவ்வளவு அகலம், வழியில் அடைப்பு உண்டா என்று தெரியாமல் யாராலும் சொல்ல முடியாது. போனின் வால்யூம் கோடும் ஒரு திருகுதான். எவ்வளவு திறந்திருக்கிறது என்று காட்டும். காதுக்குள் எவ்வளவு போய் விழுகிறது என்று அதற்கே தெரியாது.

அதைத் தீர்மானிப்பவை வேறு. முதலில், பாடலே எவ்வளவு உரக்கப் பதிவாகியிருக்கிறது என்பது. நாற்பது ஆண்டுக்கு முந்தைய பதிவு ஒன்றைக் கேட்டுவிட்டு உடனே புதுப் பாட்டு ஒன்று வந்தால் கை தானாக வால்யூம் பட்டனைத் தேடுவது இதனால்தான். அடுத்து, போன் அனுப்பும் மின்சாரத்தின் அளவு. மூன்றாவது, ஹெட்போனின் உணர்திறன். ஒரு மில்லிவாட் மின்திறன் கொடுத்தால் அந்த ஹெட்போன் எவ்வளவு சத்தம் எழுப்பும் என்பதுதான் உணர்திறன். பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். ஒன்றில் 98 டெசிபல், இன்னொன்றில் 110 டெசிபல் என்று போட்டிருந்தால் வித்தியாசம் வெறும் 12 என்று தோன்றும். உண்மையில் அது சுமார் 16 மடங்கு ஒலி ஆற்றல். ஏன் என்பது அடுத்த பகுதியில். கடைசியாக, அது உங்கள் காதில் எப்படிப் பொருந்தியிருக்கிறது என்பது. இதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, பிறகு வருகிறேன்.

சுருக்கமாக, சதவீதம் என்பது உங்கள் போன், உங்கள் ஹெட்போன் என்ற ஒரு ஜோடிக்குள் மட்டும் பொருள் உள்ள எண். அடுத்தவருக்கு அதைச் சொல்லிப் பயனில்லை.

டெசிபல்: கூட்டல் வேஷத்தில் ஒரு பெருக்கல்

நல்ல காதுக்குக் கேட்கிற மிக மெல்லிய ஒலியையும் காது வலிக்கிற ஒலியையும் பக்கத்தில் வைத்தால், ஆற்றலில் இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி மடங்கு வித்தியாசம். இத்தனை சைபர்களைத் தினமும் எழுதிக்கொண்டிருக்க முடியாது. அதனால் பொறியாளர்கள் சைபர்களை மட்டும் எண்ணும் ஓர் அளவையைக் கொண்டுவந்தார்கள். டெசிபல் என்பது அதுதான்; தொலைபேசியோடு சேர்த்துச் சொல்லப்படும் அலெக்சாண்டர் கிரஹாம் பெல்லின் பெயர் அதற்குள் ஒளிந்திருக்கிறது. நிலநடுக்கத்தை 6, 7 என்று சொல்லும்போது ஒரு எண் கூடினால் எங்கேயோ போய்விடுகிறதே, அதே ரகம்.

விதி எளிது. 10 டெசிபல் கூடினால் ஒலி ஆற்றல் 10 மடங்கு. 20 கூடினால் 100 மடங்கு. வெறும் 3 கூடினாலே இரண்டு மடங்கு. அடிப்படை எண்களுக்கு, கிசுகிசுப்பு 30 டெசிபல் பக்கம், சாதாரணப் பேச்சு 60 பக்கம், அரங்கில் ஒலிபெருக்கி முன் நின்றால் 100-ஐத் தாண்டும். (0 டெசிபல் என்றால் நிசப்தம் என்று நினைக்க வேண்டாம். நல்ல காதுக்குக் கேட்கத் தொடங்கும் இடத்துக்கு அப்படிப் பெயர், அவ்வளவுதான். அதற்கும் கீழே மைனஸ் டெசிபல் உண்டு.)

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. நம் மூளை வேறொரு கணக்கு வைத்திருக்கிறது. 10 டெசிபல் கூடும்போது ஆற்றல் 10 மடங்கு ஆனாலும், “சத்தம் இரட்டிப்பாகிவிட்டது” என்றுதான் நமக்குத் தோன்றும். ஒரு டெசிபல் இரண்டு டெசிபல் கூடுவது பலருக்குத் தெரியவே தெரியாது. பட்டனை “இன்னும் ஒரு புள்ளி” என்று தட்டும்போது நமக்குப் பெரிய மாற்றம் தோன்றாமல் இருப்பதும், அதே நேரத்தில் காது இரட்டைச் சுமை தூக்கத் தொடங்குவதும் இப்படித்தான் ஒன்றாக நடக்கின்றன.

வாளி எப்போது நிரம்பும்?

குழாய் உவமையை இன்னும் கொஞ்சம் இழுக்கிறேன். கீழே ஒரு வாளி இருக்கிறது. மெல்லத் திறந்தால் நிரம்ப நாளாகும், முழுக்கத் திறந்தால் நிமிடத்தில் வழியும். வாளிக்குத் திருகின் நிலையும் தெரியாது, நேரமும் தெரியாது. விழுந்த தண்ணீர் மொத்தம் எவ்வளவு என்பது மட்டும்தான் அதற்குக் கணக்கு. காதும் அப்படித்தான். சத்தத்தின் அளவையும் நேரத்தையும் பெருக்கி வரும் இந்த மொத்தத்துக்கு ஒலி அளவேற்பு என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஆங்கில வழியில் படித்தவர்கள் மருந்துக்குச் சொல்வது போல ‘டோஸ்’ என்பார்கள்.

வாளி எவ்வளவு பெரிது? உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து 2019-இல் அறிமுகப்படுத்திய தரநிலையில், பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம் 80 டெசிபல் என்று வரம்பு போட்டிருக்கிறார்கள். இதை வைத்துக்கொண்டு மனக்கணக்கே போடலாம். 3 டெசிபல் ஏறினால் ஆற்றல் இரட்டிப்பு, அதனால் நேரம் பாதி. 83 என்றால் 20 மணி நேரம். 86 என்றால் 10. 89-க்கு 5. பத்துப் பத்தாக ஏறிப் பாருங்கள், இன்னும் பளிச்சென்று தெரியும்: 80-இல் 40 மணி நேரம், 90-இல் 4 மணி நேரம், 100-இல் 24 நிமிடம். வாரம் முழுவதற்கும் சேர்த்து.

“பத்து வருடமாகக் கேட்கிறேன், ஒன்றும் ஆகவில்லை” என்பவர் ஒருவேளை 70 டெசிபலில் கேட்பவராக இருக்கலாம். அப்படியானால் இன்னும் பத்து வருடம் கேட்டாலும் அவருக்கு ஹெட்போனால் கேடு இல்லை. அவர் பேச்சை நம்பி 95-இல் கேட்பவருக்கு வாரத்துக்கு ஒன்றேகால் மணி நேரம்தான் கணக்கு. இரண்டு பேரும் ஒரே ஹெட்போன் போட்டிருக்கலாம்.

பலர் 85 டெசிபல் என்ற எண்ணைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது தொழிற்சாலைக்காரர்களுக்கு வந்தது: நாளுக்கு 8 மணி நேர வேலைக்கு 85. வேலை முடிந்தபின் காது அமைதியில் இருக்கும் என்ற நம்பிக்கையில், கொஞ்சம் பேருக்குப் பாதிப்பு வரும் என்று தெரிந்தே போட்ட வரம்பு அது. பாட்டுக் கேட்பதற்குப் போட்டதில்லை. குழந்தைகளுக்கான ஹெட்போன் பெட்டிகளில் “85 டெசிபலைத் தாண்டாது” என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். மேலே சொன்ன அதே தரநிலை குழந்தைகளுக்கு வைத்திருப்பது வாரம் 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல். 85 அதைவிடப் பத்து அதிகம். பத்து மடங்கு ஆற்றல். ஆக வாரத்துக்கு 4 மணி நேரம். பெட்டியைப் படித்துவிட்டு நிம்மதியாக நாள் முழுவதும் மாட்டிவிடுகிற பெற்றோரிடம் இதை யாரும் சொல்வதில்லை.

இதுவரை வந்தது: வால்யூம் எண் ஓர் அளவு கிடையாது, டெசிபல் ஒவ்வொரு மூன்றுக்கும் இரட்டிப்பாகும், காது கணக்கு வைப்பது மொத்தத்தை.

காதுக்குள்ளே

ஒலி என்பது காற்றின் நடுக்கம். அது காதுத் துவாரம் வழியே போய் செவிப்பறையை அசைக்கிறது. செவிப்பறை மூன்று குட்டி எலும்புகளை அசைக்க, கடைசி எலும்பு உட்செவியில் இருக்கும் திரவத்தைத் தள்ளுகிறது. உட்செவியில் கேட்பதற்கான பகுதி நத்தை ஓடு போலச் சுருண்டது. காக்ளியா என்பார்கள், நான் நத்தைக்கூடு என்றே சொல்கிறேன். சுருளைப் பிரித்து நீட்டினால் மூன்றரை சென்டிமீட்டர் வரும். சுண்டு விரலின் பாதிதான்.

நத்தைக்கூட்டுக்குள் நீள நாடா போல ஒரு சவ்வு. வாசல் பக்கம் கீச்சொலிகளுக்கு ஆடும், உள்கோடி கனத்த ஒலிகளுக்கு ஆடும். வெவ்வேறு சுருதிக்கு வெவ்வேறு இடத்தில் இந்த நாடா உச்சமாக அசைவதைக் கண்டு காட்டியதற்குத்தான் பெக்கேஷி என்ற ஹங்கேரிய விஞ்ஞானிக்கு 1961-இல் நோபல் பரிசு கிடைத்தது. நாடாவின் மேல் வரிசை வரிசையாக ரோமச் செல்கள் நிற்கின்றன. ஒவ்வொரு செல்லின் உச்சியிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய இழைக் கற்றை. அலை வந்து இழை சாயும்போது செல்லின் வாசல் திறந்து மின்குறி பிறக்கும். அந்தக் குறி நரம்பு வழியாக மூளைக்குப் போய்ச் சேரும்போதுதான் நாம் ‘கேட்கிறோம்’.

ஒரு காதில் மொத்தம் 15,000 ரோமச் செல்கள். கண்ணில் ஒளியை உணரும் செல்கள் 10 கோடிக்கும் மேல் என்பதோடு வைத்துப் பார்த்தால்தான் இந்த எண் எவ்வளவு சிக்கனமானது என்பது உறைக்கும். போனால் திரும்ப முளைப்பதும் இல்லை. கோழிக்கு முளைக்கும், மீனுக்கு முளைக்கும், பாலூட்டிகளான நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அதிகச் சத்தம் என்ன செய்கிறது? புல்தரையில் ஒருவர் நடந்துபோனால் புல் சாய்ந்து, சற்று நேரத்தில் நிமிர்ந்துவிடும். தினமும் ஊரே நடந்தால்? ஒற்றையடிப் பாதை விழும். ரோமச் செல்லும் ஓரளவு சாய்ந்து நிமிரும். அதற்கும் மேல் ஓய்வின்றி வேலை வாங்கினால் செல்லுக்குள் கழிவுப் பொருள்கள் சேர்ந்து அதை நஞ்சாக்கிவிடுகின்றன. சத்தம் நின்ற பிறகும் சில நாள்கள் வரை செல்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. பட்டாசு, துப்பாக்கி போன்ற திடீர் வெடிச்சத்தம் வேறு ரகம். அது இழைகளை நேரடியாகப் பிய்த்துவிடும். நடுக்காதில் இருக்கும் ஒரு குட்டித் தசை பெரும் சத்தம் வந்தால் இறுகி எலும்புகளைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கும். ஆனால் வெடிச்சத்தத்துக்கு அது இறுகுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

ஒருமுறை ஓர் ஒலிப்பதிவை வெட்டி ஒட்டும் வேலையில் ஆறு மணி நேரம் ஹெட்போனைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். வேலை முடிந்து விளக்கை அணைத்துப் படுத்தால் எங்கோ ஒரு ‘ஙீ’. பழைய டிவிப் பெட்டி ஓடிக்கொண்டிருப்பது போல, மெல்லிசாக, விடாமல். எழுந்து சுவிட்சுகளையெல்லாம் பார்த்தேன். ஜன்னலைத் திறந்து எங்காவது மோட்டார் ஓடுகிறதா என்று எட்டிப் பார்த்தேன். ஜன்னலை மூடியதும் ‘ஙீ’ இன்னும் தெளிவாகக் கேட்டபோதுதான் அது என் காதுக்குள்ளிருந்து வருகிறது என்று புரிந்தது. மறுநாள் மதியம் வரை இருந்தது.

வெளியே சத்தம் இல்லாமலே உள்ளே கேட்கும் இந்த ஓசைக்குக் காது இரைச்சல் என்று பெயர். கூடவே காது அடைத்தாற்போல, பஞ்சு வைத்தாற்போல இருந்தால் அது தற்காலிகச் செவி மந்தம். பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். சரியாகிவிடுவதுதான் ஆபத்தும்கூட, “பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை” என்று நினைத்துவிடுகிறோம். 2009-இல் எலிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், கேட்கும் திறன் பழையபடி திரும்பிய பிறகும் ரோமச் செல்லையும் நரம்பையும் இணைக்கும் முனைகளில் பாதி வரை அறுந்து போயிருப்பதைக் கண்டார்கள். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பதை இந்த ‘ஙீ’க்குச் சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

முதலில் கேட்காமல் போவது எது?

பாதிப்பு எல்லாச் சுருதியிலும் ஒரேயடியாக வருவதில்லை. காதுத் துவாரம் ஒரு சிறு குழல் என்பதால் 3,000 ஹெர்ட்ஸ் பக்கமுள்ள ஒலிகளை அது இயல்பாகவே பெருக்கித் தருகிறது. (ஹெர்ட்ஸ் என்பது ஒரு நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு, எண் கூடினால் ஒலி கீச்சாகும்.) சத்தத்தால் வரும் சேதம் அதற்குச் சற்று மேலே, 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய இடத்தில்தான் முதலில் குழி பறிக்கும்.

அந்தப் பகுதியில் என்ன இருக்கிறது? நம் பேச்சின் மெய்யெழுத்துகள். ஆ, ஓ போன்ற உயிரொலிகள் கனத்த சுருதியில் தெம்பாக வரும். ச, ஸ, ஷ போன்றவை வெறும் காற்றுச் சீறல்; கீச்சான பகுதியில் மெல்லியதாக இருக்கும். அதனால் செவித்திறன் குறையத் தொடங்கியவர் “கேட்கவில்லை” என்று சொல்வதில்லை. “கேட்கிறது, என்ன சொல்கிறாய் என்று புரியவில்லை” என்பார். ‘காசு’ என்றால் ‘காது’ என்று எடுத்துக்கொள்வார். “ஏன் முணுமுணுக்கிறாய், வாயைத் திறந்து பேசு” என்று எதிராளியைத்தான் கடிந்துகொள்வார். அமைதியான அறையில் சமாளித்துவிடுவார், நாலு பேர் சேர்ந்து பேசும் இடத்தில் தடுமாறுவார். காது கேட்கும் கருவி வைத்தால் ஒலி பெரிதாகும். ஆனால் ஒலிகளைக் கூர்மையாகப் பிரித்துக் கொடுத்துவந்த செல்களை அது திருப்பித் தராது.

நாம் ஏன் வால்யூமைக் கூட்டுகிறோம்?

எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கேள்விதான். யாரும் காதைக் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்று கூட்டுவதில்லை. பல நேரம் சத்தம் வேண்டும் என்றுகூடக் கூட்டுவதில்லை. கேட்பது தெளிவாக இல்லை, கனம் இல்லை, ஏதோ குறைகிறது என்பதற்காகக் கூட்டுகிறோம். குறைவது தரம், கையில் கிடைப்பது வால்யூம் பட்டன்.

முதல் காரணம் சுற்றுப்புற இரைச்சல். ஓடும் ரயிலில் பாட்டு கேட்கும்படி வைத்த அளவை அப்படியே விட்டுவிட்டு, வீட்டில் எல்லோரும் தூங்கியபின் அதே பாட்டைப் போட்டுப் பாருங்கள். பதறி ஹெட்போனைக் கழற்றுவீர்கள். காதுக்குள் போகும் சத்தம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ரயிலில் இரைச்சல் அதை மூடியிருந்தது, அவ்வளவே. மூடப்பட்ட சத்தம் காதுக்குள் போகாமல் நின்றுவிடுவதில்லை. ரயிலின் சத்தத்தோடு சேர்ந்து அதுவும் வாளியில் விழுகிறது.

இரண்டாவது, பொருத்தம். முன்பே சொன்னேனே, அது. காதுக்குள் செருகும் வகையில் பாட்டு கேட்டுக்கொண்டிருக்கும்போது விரலால் லேசாக உள்ளே அழுத்துங்கள். மத்தளமும் பேஸ் கிட்டாரும் திடீரென்று எழுந்து வருகின்றனவா? அப்படியென்றால் இத்தனை நாள் அவை இடுக்கு வழியே வெளியேறிக்கொண்டிருந்தன. கனத்த ஒலியை நிறுத்திவைக்க அடைப்பு சரியாக வேண்டும். மயிரிழை இடைவெளி இருந்தாலும் முதலில் தப்பித்து ஓடுவது பேஸ்தான். பெட்டிக்குள் மூன்று அளவில் ரப்பர் மூடிகள் கொடுத்திருப்பார்கள். முக்கால்வாசிப் பேர் நடு அளவைக் கழற்றிக்கூடப் பார்ப்பதில்லை. என் வலது காதுக்கு நடு அளவு, இடது காதுக்குப் பெரியது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. அந்த இரண்டு வருடமும் “பேஸே இல்லை” என்று வால்யூமை ஏற்றிக்கொண்டிருந்தேன். சரியான மூடி மாட்டினால் பேஸ் உள்ளே நிற்கும், வெளி இரைச்சல் வெளியே நிற்கும், பட்டன் தானாக இறங்கும்.

மூன்றாவது, காதின் இயல்பு. 1933-இல் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் ஒரு வரைபடம் வெளியிட்டார்கள். மெல்லிய சத்தத்தில் நம் காது நடுத்தரச் சுருதிகளை நன்றாகக் கேட்கும்; கனத்த ஒலிகளுக்கு மந்தமாகிவிடும். 1,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு இணையாக 100 ஹெர்ட்ஸ் ஒலி கேட்க வேண்டுமானால், மெல்லிய சத்தத்தில் அதற்கு 20 டெசிபலுக்கு மேல் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். சத்தம் ஏற ஏற இந்த வித்தியாசம் சுருங்கும். அதனால்தான் வால்யூமைக் கூட்டியதும் பாட்டு பெரிதாவதோடு நிற்காமல் நிறைவாகவும், பேஸ் கூடியும் கேட்கிறது. அந்த நிறைவு மாயை கிடையாது, காது உண்மையிலேயே அப்படிக் கேட்கிறது. ஆனால் அதைப் பெற மொத்தச் சத்தத்தையும் ஏற்ற வேண்டியதில்லை. குறைந்த வால்யூமில் ஈக்வலைசரில் பேஸை மட்டும் கொஞ்சம் ஏற்றினால் ஏறக்குறைய அதே நிறைவு கிடைக்கும். ஈக்வலைசர் என்பது ஒவ்வொரு சுருதிப் பகுதிக்கும் தனித்தனித் திருகு வைத்த பலகை. அநேகமாக எல்லாப் பாட்டுச் செயலியிலும் உண்டு.

இதே காரணத்தால் ஹெட்போன்களை ஒப்பிடும்போதும் ஏமாறுகிறோம். நண்பன் தன்னுடையதை நீட்டி “உன்னோடதுல பேஸே இல்லடா, இதைக் கேளு” என்பான். கேட்டால் பிரமாதமாக இருக்கும். அவன் வைத்திருக்கும் அளவு உங்களுடையதைவிட நாலு டெசிபல் கூடுதல் என்பது இருவருக்கும் தெரியாது. இரண்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவராமல் எது நல்லது என்று சொல்பவரை நான் நம்புவதில்லை.

ஆக, இரைச்சல், பொருத்தம், மெல்லிய சத்தத்தில் பேஸ் கேட்காத காது. பட்டனைத் தேடும் விரலுக்குப் பின்னால் இருப்பவை இவை.

இரைச்சலை இரைச்சலால் அடிப்பது

நாய்ஸ் கேன்சலேஷன் என்பதை இரைச்சல் நீக்கம் என்று சொல்லலாம். ஹெட்போனில் ஒரு குட்டி மைக் வெளிச் சத்தத்தைக் கேட்கும். உள்ளே இருக்கும் சிப் அந்த அலையின் நேர் எதிர் அலையைத் தயாரிக்கும். வெளி அலை காற்றை அழுத்தும் நொடியில் இது இழுக்கும். அது இழுத்தால் இது அழுத்தும். ஒரு கதவை இருவர் இரண்டு பக்கமும் சம பலத்தோடு தள்ளினால் கதவு அசையாது அல்லவா, அப்படி.

“இரைச்சலோடு இன்னொரு இரைச்சலைச் சேர்த்தால் காதுக்கு இரட்டைச் சுமை” என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். தவறு. செவிப்பறை அசைவது இரண்டும் கூடி மிஞ்சுவதற்கு மட்டும்தான், மிஞ்சுவது குறைவு. விமான எஞ்சின், மின்விசிறி, ரயிலின் உறுமல் போல ஒரே சீராக வரும் கனத்த ஒலிகளை இது நன்றாக அடக்கும். பேச்சு, ஹாரன், தட்டு விழும் சத்தம் போன்றவற்றில் அவ்வளவு கெட்டி இல்லை. எதிர் அலை தயாராவதற்குள் அவை மாறிவிடும். அங்கே ரப்பர் மூடியின் அடைப்புதான் கைகொடுக்கும். வசதியைப் போட்டுக்கொண்டு வால்யூமைப் பழைய இடத்திலேயே விட்டால் பயனில்லை என்பதையும் சொல்லவேண்டும். தெருவில் நடக்கும்போது அணைத்துவிடுங்கள், பின்னால் வரும் வண்டி கேட்க வேண்டும்.

எலும்பு வழிக் கேட்கும் ஹெட்போன்கள் பற்றி ஒரு வார்த்தை. கன்ன எலும்பில் ஒட்டிக்கொண்டு, செவிப்பறையைத் தொடாமல் ஒலியைக் கடத்துவதால் அவை பத்திரம் என்ற பேச்சு உண்டு. அதிர்வு போய்ச் சேருவது அதே நத்தைக்கூட்டுக்குத்தான், அசைவது அதே ரோமச் செல்கள்தான். வழி வேறு, ஊர் ஒன்று.

தரம் என்று எதைச் சொல்கிறோம்

இதில் சண்டை போட ஆட்கள் ஏராளம், நான் சீக்கிரம் கடந்துவிடுகிறேன். பாட்டுக் கோப்பின் அளவைக் குறைக்க, காதுக்குத் தெரியாது என்று கணிக்கும் பகுதிகளை நீக்குவதைச் சுருக்கம் என்கிறோம். மிகவும் சுருக்கிய கோப்பில் ஜால்ராவும் ‘ஸ’ ஒலியும் நீருக்கடியில் கேட்பது போலக் குழையும். அதை வால்யூம் கூட்டிச் சரிசெய்ய முடியாது, குறை பெரிதாகத் தெரியும். செயலியில் உயர்தரம் என்ற தேர்வை வைத்துவிட்டால் போதும். அதற்கு மேலுள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது அமைதியான அறையில் கவனமாகக் கேட்பவருக்கே கஷ்டம். ரயிலில் கேட்பவர் அதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம். அதே பணம் நல்ல அடைப்புள்ள ஹெட்போனுக்குப் போகட்டும்.

விலை கூடினால் காதுக்கு நல்லதா? ஒருவகையில் உண்டு, ஒருவகையில் நேர்மாறு. மலிவான ஹெட்போன் உரக்க வைத்தால் கரகரக்கும். அந்தக் கரகரப்பே “போதும், குறை” என்று எச்சரிக்கும். நல்ல ஹெட்போன் 100 டெசிபலிலும் வெண்ணெய் போலப் பாடும். எச்சரிக்கையே இல்லாமல் எல்லை தாண்டிவிடலாம்.

கைவேலை

முதல் வேலையை வீட்டில் அமைதியான நேரத்தில் செய்யுங்கள். வால்யூமைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றி, வரிகள் தெளிவாகக் கேட்கும் இடத்தில் நிறுத்தி, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். உங்கள் ஜோடிக்கு உரிய எண் அதுதான். வெளியே போனதும் அதைவிட நிறைய ஏற்றத் தோன்றினால், ஏற்ற வேண்டியது வால்யூமை இல்லை, அடைப்பை. ஒரு மணி நேரம் கேட்டபின் ஐந்து நிமிடம் கழற்றி வைத்துவிட்டு மறுபடி போட்டால், சற்றுமுன் சாதாரணமாக இருந்தது இப்போது உரக்கக் கேட்கும். காது எவ்வளவு பழகிப்போயிருந்தது என்பது தெரியும்.

செயலியில் பாடல்களின் சத்தத்தைச் சமப்படுத்தும் தேர்வு ஒன்று இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். பல போன்களில் ஹெட்போன் அமைப்புக்குள் உச்ச வரம்பு வைக்கலாம். சிலவற்றில் வாரம் முழுவதும் எத்தனை டெசிபலில் கேட்டீர்கள் என்ற கணக்கே இருக்கிறது. அதே நிறுவனத்தின் ஹெட்போனாக இருந்தால் அந்தக் கணக்கு ஓரளவு நம்பத்தக்கது, வேறு ஹெட்போன் என்றால் போன் ஊகித்துத்தான் போடுகிறது. இன்னொரு போனின் மைக்கை ஹெட்போன் மேல் வைத்து டெசிபல் செயலியால் அளப்பது வீண்வேலை. காதுக்குள் அடைபட்ட ஒலியும் மைக் முன் சிதறும் ஒலியும் ஒன்றல்ல. ஆய்வகங்களில் இதற்கென்று செயற்கைக் காதே செய்துவைத்திருக்கிறார்கள்.

ஒரு காதில் மட்டும் திடீரென்று, மணிக்கணக்கிலோ ஓரிரவிலோ கேட்காமல் போனால் அது அழுக்காக இருக்கும் என்று நாள் கடத்தாதீர்கள். அதே நாளில் காது மருத்துவரைப் பாருங்கள். திடீர்ச் செவித்திறன் இழப்புக்குச் சிகிச்சை உண்டு, ஆனால் முதல் சில நாள்களுக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம்.

அந்த ‘ஙீ’க்குப் பிறகு நான் போய்ச் செவித்திறன் சோதனை செய்துகொண்டேன். வலியில்லாத வேலை. சத்தம் புகாத சிறிய அறையில் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுப்பார்கள். ‘பீப்’ கேட்டால் அழுத்த வேண்டும். ஒலி தேய்ந்து தேய்ந்து, கேட்டதா நினைத்துக்கொண்டேனா என்று சந்தேகம் வரும் இடம் வரைக்கும் போகும். முடிவில் ஒரு தாள். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. என் நீலக் குறிகள் எல்லாம் ஒரே வரிசையில் இருந்தன, 4,000-க்கு நேரே மட்டும் ஒன்று கீழே இறங்கியிருந்தது. “இயல்பான அளவுக்குள்தான் இருக்கிறது” என்றார் சோதித்தவர். “தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இரண்டு வருடம் கழித்து இன்னொன்று எடுத்து இதன்மேல் வைத்துப் பார்க்க வேண்டும்.” மேசை இழுப்பறையில் இருக்கிறது. வருகிற ஆண்டு இரண்டாவது தாள்.